அதுபாட்டுக்குக் கிடக்கும் என்று சொன்ன மகனுக்கு

அன்புள்ள தம்பி,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வியாழக்கிழமை நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நான் தனியாகக் கேட்கவில்லை. தனியாகக் கேட்கத்தான் நினைத்தேன். கையில் சேறு. சேற்று விரல் பட்டதில் போன் எதையோ புரிந்துகொண்டு, தன்னிடம் இருந்த சத்தத்தையெல்லாம் கூட்டி, வயல் முழுக்கக் கேட்கும்படி உன்னைப் பேசவைத்துவிட்டது. பதினோரு மணி டீக்கு வரப்பில் உட்கார்ந்திருந்தோம். நடவுக்கு நான் கூட்டிப்போன பெண்கள் பதினோரு பேர், நான் ஒருத்தி. நிறுத்தத் தெரியவில்லை. முந்தானையில் சுற்றினேன். முந்தானைக்குள்ளிருந்தும் பேசினாய். "அம்மா, கோகோவ அங்க கொண்டாந்து விட்டுடலாம்னு இருக்கேன்மா. இங்க ஃபிளாட்டுல சமாளிக்க முடியல. நாலு மாசம் வேற ஆயிடுச்சு. அங்கதான் இடம் இருக்குல்ல, களம் இருக்கு, தோப்பு இருக்கு. அதுபாட்டுக்குக் கிடக்கும்."

 நீ பேசி முடித்ததும் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, "கோகோங்கிறது மருமவளாக்கா? கொண்டாந்து விட்டுடப் போறாராமே" என்று கேட்டாள். நாய் என்றேன். "நாய்க்கா நாலு மாசம்?" என்றாள் அடுத்தவள். அதற்கு மேல் மறைத்துப் பிரயோசனம் இல்லை. உன் மனைவி மாசமாக இருப்பதை ஐந்தாம் மாதம்வரை ஊரில் மூச்சுவிடக் கூடாது என்று சொன்னது நீ. ஊரில் சொன்னதும் நீதான் என்று ஆகிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுந்து ஓடி விளையாடிய விளையாட்டின் பெயரை ஏன் ஒரு நாய்க்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டு அதற்கும் சிரித்தார்கள். செசிலி மட்டும் சிரிக்கவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இடது கெண்டைக்காலில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தாள். அங்கே இரண்டு வெள்ளைத் தழும்பு இருக்கும், உனக்குத் தெரியும். "அதுபாட்டுக்குக் கிடக்குமாம்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தழும்பைப் பார்த்துச் சொன்னாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் "சரிம்மா, மீட்டிங்" என்பாய். கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் கதிர் அறுப்பு சமயத்தில் போகவில்லை. ழ வரவேண்டிய இடத்தில் ள இருந்தால் நீயே மாற்றிக்கொள், உன்னை அவ்வளவு படிக்கவைத்தது பின்னே எதற்கு. இன்னொன்று, நீ சொன்னதைப் பதினோரு பேர் கேட்டதால் என் பதிலையும் அவர்களுக்குப் படித்துக்காட்டிவிட்டுத்தான் தபாலில் போடப்போகிறேன். எனவே இதில் ரகசியம் எதையும் தேடாதே.

அதுபாட்டுக்கு என்ற வார்த்தையை நீ என்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டாய். நம் வீட்டில் எல்லாம் அதுபாட்டுக்குத்தான் நடந்தது. கோழி அதுபாட்டுக்கு மேயும். முருங்கை அதுபாட்டுக்குக் காய்க்கும். உன் அப்பா அவர்பாட்டுக்கு டிராக்டரை எடுத்துக்கொண்டு போவார், அவர்பாட்டுக்கு வருவார். நல்ல வார்த்தைதான். சொல்லிவிட்டால் நமக்கு அதற்குமேல் வேலை இல்லை. செவலை நாய் நம் களத்துக்கு வந்தபோதும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். ஒரு குறுவை அறுப்பில், இயந்திரத்துக்குப் பின்னால் எலி பிடித்துக்கொண்டே வந்து, டிராக்டர் டிரெய்லருக்கு அடியில் படுத்துக்கொண்டது. போகவில்லை. மீந்த சோற்றைப் போட்டேன். நீ அப்போது எட்டாவது. பேர் வைக்கலாம் என்று குதித்தாய். உன் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "பேரு வச்சா நம்ம நாய் ஆயிடும். அப்புறம் ரேஷன் கார்டுல சேக்கச் சொல்லும்" என்றார். செவலை என்று கூப்பிடுகிறோமே என்றாய். "அது நிறம்டா, பேர் இல்ல" என்றார். உன் அப்பா பேசுவது குறைவு. பேசினால் வக்கீல்தான்.

நிறம்தான் பேர் என்று ஆனபின் ஊசி எங்கே, மாட்டாஸ்பத்திரி எங்கே. மாட்டுக்கு ஒன்று என்றால் அங்கே ஓடுவோம். ஆட்டுக்குக் கழிச்சல் என்றால் மருந்து கேட்போம். செவலையைக் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அது கன்று போடாது, பால் கறக்காது, அதற்கு எதற்கு டாக்டர் என்ற நினைப்பு. வருஷத்துக்கு இரண்டு ஈற்று. குட்டிகள் எங்கே போயின என்று ஒருநாளும் நான் எண்ணியதில்லை. கருத்தடை என்று ஒன்று நாய்க்கும் உண்டு என்பது எனக்கு நாற்பது வயதுக்குமேல்தான் தெரியும். தெரியாதது தப்பில்லை என்று சொல்வாய். கேட்காமலே இருந்துவிட்டேன், அது தப்பு.

நீ பன்னிரண்டாவது படித்த வருஷம், சம்பா நடவு சமயம், செவலை நான்கு குட்டி போட்டிருந்தது. கண் திறக்காத குட்டிகள், டிரெய்லருக்கு அடியில் சாக்கின்மேல். அன்று நம் வயலில்தான் நடவு. செசிலி புதிதாகக் கல்யாணமாகி, கைப்பிள்ளையோடு இருந்தவள். சாப்பாட்டுத் தூக்கை நிழலுக்காக டிரெய்லருக்கு அடியில் வைத்திருக்கிறாள். குட்டி இருப்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், சொல்லவில்லை. குனிந்து தூக்கை எடுத்தாள். செவலை குரைக்கவில்லை, நேராகக் கடித்தது. குட்டிக்காரி எல்லாம் அப்படித்தான். உன் பெரியம்மா மகள் பிரசவ வார்டில் நர்ஸைக் கடிக்கப் போன கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இரத்தத்தைப் பார்த்ததும் ஆளுக்கொரு வைத்தியம். வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் காயத்தில் அப்பியது நான். பத்தடி தூரத்தில் பம்புசெட்டு கை கனத்துக்குத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. குளிக்கிற சோப்பு அதன் தொட்டித் திட்டில் இருந்தது. அதை எடுத்துக் காயத்தைக் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவியிருக்க வேண்டும், பிறகு நேராக ஆஸ்பத்திரி. இதை எனக்கு ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். சொன்னார் என்பது மரியாதைக்காக எழுதுகிறேன், திட்டினார். உன் வீட்டில் கோகோ யார்மேலாவது பல் பதித்தால் இதை ஞாபகம் வை. அது எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும், ஊசி போட்ட நாயாக இருந்தாலும், சோப்பு, தண்ணீர், அதே நாளில் டாக்டர். சுண்ணாம்பு வெற்றிலைக்கு.

இனி சொல்லப்போவது உனக்குப் பாதி தெரியும். செசிலியின் வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து, "யார் வீட்டு நாய்க்கா?" என்று கேட்டார். "யாருதுன்னு தெரியல தம்பி. தெருவுல திரியுறது" என்றேன். திருக்காட்டுப்பள்ளி ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப்போனேன். டாக்டர் கேட்டார், "வளக்கிற நாயா? யாருதுன்னு தெரிஞ்சா சொல்லுங்கம்மா. பத்து நாள் அதைப் பாத்துக்கிட்டு இருக்கணும். நல்லா இருந்துச்சுன்னா நமக்கும் நிம்மதி." தெரியலீங்க என்றேன். மறுநாள் பஞ்சாயத்திலிருந்து ஒருவர் வந்தார். "உங்க களத்துலதான் படுக்குதுன்னு சொல்றாங்க?" என்றார். "களத்துல படுத்தா நம்மதாங்களா? காக்காகூடத்தான் வந்து உக்காருது" என்றேன். அந்தப் பதிலுக்காக அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். எங்கள் நாய் என்றால், ஏன் ஊசி போடவில்லை என்று கேட்பார்கள். குட்டி இருப்பதை ஏன் சொல்லவில்லை என்று செசிலி கேட்பாள். நடவுக்கு ஆள் வராது. இப்படி மூன்று பயம், மூன்று பொய். மூன்று தடவை மறுதலித்தால் சேவல் கூவும் என்று சின்ன வயதிலேயே கோயிலில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நம் வீட்டில் கூவவில்லை. சேவலை முந்தின ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைத்துவிட்டோம்.

அன்று சாயங்காலம் உன் அப்பா செவலையை டிரெய்லரில் ஏற்றினார். துணைக்கு உன்னை அனுப்பியது நான். அது உன் பேச்சைத்தான் கேட்கும் என்பதால் ரொட்டிப் பொட்டலத்தையும் உன் கையில் கொடுத்தேன். கல்லணைப் பக்கம் ஒரு அரிசி ஆலை வாசலில் இறக்கிவிட்டு வந்தீர்கள். அங்கே நொய் கிடக்கும், அதுபாட்டுக்குப் பிழைத்துக்கொள்ளும் என்று நான்தான் இடமும் சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்து நீ சாப்பிடவில்லை. கேட்டதற்கு, "டிராக்டர் பின்னாடியே ஓடி வந்துச்சும்மா. அப்பா வேகம் வச்சாரு. அப்பவும் ஓடி வந்துச்சு" என்றாய். அதற்கப்புறம் அதைப் பற்றி நம் வீட்டில் யாரும் பேசவில்லை. நீ மறந்திருப்பாய் என்று நினைக்கிறேன். மறக்காமல் இருந்து அந்த வாய்ஸை அனுப்பியிருந்தால், அது வேறு கடிதமாக இருக்கும், அதை நான் சிரித்துக்கொண்டு எழுத மாட்டேன்.

குட்டிகளுக்கு நீ சங்கில் பால் ஊற்றினாய். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை என்று சத்தம் போட்டேன். செசிலி ஒவ்வொரு ஊசிக்கும் பஸ் ஏறிப் போய்வந்து, என் வாசலில் நின்று கேட்பாள். "அந்த நாய எங்கயாச்சும் பாத்தீங்களாக்கா? உசுரோட திரியுதுன்னு தெரிஞ்சாப் போதும்." பார்க்கலியே என்பேன். அந்த ஒன்று மட்டும் உண்மை, நாங்கள்தான் கொண்டுபோய் விட்டுவிட்டோமே. அவள் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். கைப்பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு எட்ட உட்கார்ந்தாள். ஊசி போட்டாச்சு, பயமில்லை என்று டாக்டர் சொல்லியும் அவளுக்கு மனசு ஆறவில்லை. தண்ணீரைப் பார்த்தால் பயம் வருகிறதா என்று தினமும் காலையில் வாய்க்கால் கரையில் போய் நின்று பார்ப்பாளாம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நாயைக் கட்டிவைத்து அவளுக்குத் தினமும் காட்டியிருக்கலாம். அவ்வளவுதான் வேலை. ஒரு கயிறு, ஒரு உண்மை.

பதினோராம் நாள் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் காவி உடுத்திக்கொண்டு ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். எப்போதும்போல் அவர்களோடு நாலைந்து நாய். அதில் ஒன்று நம் வயல் வந்ததும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, வரப்பில் இறங்கி, நொண்டிக்கொண்டே வந்தது. எல்லாப் பெண்களும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழியில் இத்தனை பேர் நிற்கிறோம், யாரையும் மோந்துகூடப் பார்க்காமல் நேரே என்னிடம் வந்து, என் காலில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. செசிலி நாற்று முடியைக் கீழே போட்டாள். "உசுரோடதான் இருக்கு. அப்ப எனக்கு ஒண்ணும் ஆவாது" என்று சொல்லி வரப்பில் உட்கார்ந்து அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உங்க நாய்தானேக்கா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்று இத்தனை வருஷத்தில் உனக்குச் சொல்லவில்லை. "பசிக்குதுபோல" என்றேன்.

அந்தப் போகம் முடிந்ததும் செசிலி வேறு ஆளோடு நடவுக்குப் போய்விட்டாள். இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தாள், ஏன் போனாள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. செவலை திரும்பியபோது நான்கு குட்டியில் ஒன்றுதான் மிச்சம், நீ பால் ஊற்றி வளர்த்த கருப்பு. செவலை இன்னும் மூன்று வருஷம் இருந்தது. நம் வயலில் நான் வைத்த எலி மருந்தைத் தின்ற எலியை அது தின்றது. மருந்து வைத்திருப்பது எனக்குத் தெரியும், உன் அப்பாவுக்குத் தெரியும். நாயைக் கட்டிப்போட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நீ அப்போது கல்லூரி ஹாஸ்டலில் இருந்தாய். போனில் கேட்டதற்கு, வயசாகி அதுபாட்டுக்குச் செத்துப்போச்சு என்றேன். இதையும் இப்போது திருத்திக்கொள்.

இவ்வளவையும் எழுதியது எதற்கென்றால், இங்கே இடம் இருக்கிறது என்று சொன்னாயே, அந்த இடத்தில் என்னவெல்லாம் இருக்கிறது என்று காட்டத்தான். எலி மருந்து இருக்கிறது. உண்ணி இருக்கிறது. வெளி நாய் வந்தால் எல்லையில் நின்று பஞ்சாயத்துப் பேசாமலே கடிக்கும் நாய்கள் தெருவுக்கு ஆறு இருக்கின்றன. சித்திரை வெயில் இருக்கிறது. உன் கோகோ ஏசியில் குப்புறப் படுத்துத் தூங்கும் போட்டோவை நீதானே அனுப்பினாய். அதற்கு உன்னைவிட முடி அதிகம். அது இங்கே வந்து முதலில் செய்யப்போவது என்ன தெரியுமா. வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கும். பஸ் வரும்போதெல்லாம் எழுந்து நிற்கும். நான் சோறு வைப்பேன், உன் அப்பா முதுகைத் தடவுவார், ஆனால் பஸ் வந்தால் எழுந்து நிற்பதை எங்களால் நிறுத்த முடியாது. இடம் மாட்டுக்கு வேண்டும். மாடுகூட வைக்கோல் போட ஆள் இருந்தால்தான் அந்த இடத்தில் நிற்கும்.

இதுவரை எழுதி நாலு நாள் ஆகிறது. நடுவில் இரண்டு காரியம் நடந்தது.

ஒன்று, உன் மனைவிக்குப் போன் பண்ணினேன். உனக்கு மீட்டிங் இருக்கும் நேரம் பார்த்துத்தான் பண்ணினேன். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு நாயால் தொந்தரவா என்று கேட்டேன். "எனக்கு அதால ஒரு கஷ்டமும் இல்ல அத்தை. டாக்டர்கிட்ட கேட்டாச்சு. ஊசி, பூச்சி மருந்து எல்லாம் சரியா குடுத்திருக்கீங்க, கைய கழுவிக்கோங்க, போதும்னு சொன்னாங்க. காலையில ஆறு மணிக்கு அதை வெளிய கூட்டிட்டுப் போகணும். இவ்ளோ நாள் நான்தான் போனேன். இப்ப மூணு மாடி இறங்கி ஏற முடியல" என்றாள். ஏன், அவனுக்கு என்ன என்றேன். "அவருக்கு ஆறு மணின்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது அத்தை" என்றாள். நல்ல பெண். குறை சொல்வதுகூட மரியாதையாகச் சொல்கிறாள். ஆக, உன்னால் சமாளிக்க முடியாதது ஆறு மணி. அதற்கு நாய் ஊரைவிட்டுப் போக வேண்டும். பிறக்கப்போகிற பிள்ளை உன்னை ஆறு மணிக்கு எழுப்பாது, மூன்று மணிக்கு எழுப்பும். அதையும் இங்கே கொண்டுவந்து விடுவாயா, களம் இருக்கிறது, தோப்பு இருக்கிறது.

ஆகவே என் முடிவு இது. முதலில் ஒரு அலாரம் வாங்கு. அதை எட்டாத இடத்தில் வை. பிள்ளை பிறக்கும்வரை நீ கூட்டிப்போ. நாய் போனதைப் பையில் அள்ளிப் போடவும் கற்றுக்கொள், நான் உனக்கு எவ்வளவோ அள்ளியிருக்கிறேன். பிள்ளையும் நாயும் ஒரே அறையில் இருந்தால் நடுவில் ஒரு பெரிய ஆள் இருக்க வேண்டும். இதெல்லாம் செய்து பார்த்தும் உண்மையாகவே முடியவில்லை என்றால் கூட்டிக்கொண்டு வா, நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொண்டுவந்து விடுவது வேறு, கொண்டுவந்து ஒப்படைப்பது வேறு. விடுவது அன்று நீயும் அப்பாவும் ஆலை வாசலில் செய்தது. ஒப்படைப்பது என்றால், அதன் ஊசி அட்டையோடு வந்து, ஒரு வாரம் இங்கே தங்கி, அது என்ன தின்னும், எதற்குப் பயப்படும், எந்தச் சொல்லுக்கு உட்காரும் என்று எங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு, மாதம் ஒருமுறை வந்து அது உன்னைப் பார்த்து வாலாட்டுவதை வாங்கிக்கொண்டு போவது. அது சாகும்வரை அது உன் நாய். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது காரியம். சொன்னபடி இந்தக் கடிதத்தை டீ நேரத்தில் வரப்பில் உட்கார்ந்து படித்தேன். காக்கா வரி வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். வாய்க்கால் கரை வரியை இரண்டு தடவை படித்தேன், சேறு பட்டு எழுத்து சரியாகத் தெரியவில்லை. முடித்ததும் செசிலி வெற்றிலையைக் கிழித்துக்கொண்டே, "நீங்களா சொல்வீங்கன்னு இத்தன வருசமா பாத்தேன். பரவால்ல. நாய் அன்னிக்கே சொல்லிடுச்சு" என்றாள். தப்புதான் செசிலி என்றேன். "அது தெரியுது. புள்ளைக்குப் புத்தி சொல்றது இருக்கட்டும். இப்ப டிரெய்லருக்கு அடியில கெடக்கே கருப்பு, அது யாருதுக்கா?" என்றாள்.

பதினோரு பேரும் என்னைப் பார்த்தார்கள். நீ பால் ஊற்றிய அதே குட்டிதான், இப்போது முகம் நரைத்துக் கிடக்கிறது. பத்து வருஷமாக நம் சோறு தின்கிறது, ஒரு ஊசி போட்டதில்லை, பேரும் இல்லை, கருப்பி என்று நிறத்தைத்தான் கூப்பிடுகிறோம். உனக்கு மூன்று பக்கம் எழுதிய கையோடு, இது யார் நாய் என்று எனக்கு ஒரு வரி எழுதத் தெரியவில்லை. எங்க நாய் என்றேன். சத்தம் வரவில்லை, மறுபடி சொன்னேன்.

நேற்று நம் ஊர் நூலகத்துக்குப் பக்கத்தில் மாட்டாஸ்பத்திரிக்காரர்கள் நாய்களுக்கு வெறி ஊசி முகாம் போட்டார்கள். கருப்பியைக் கயிறு கட்டிக் கூட்டிப்போனேன். செசிலியும் வந்தாள். "நான் வரேன்க்கா. இல்லாட்டி போற வழியிலயே இது யார் நாயோன்னு சொல்லிடுவீங்க" என்றாள். மேசையில் ஒரு சின்னப் பெண் பெரிய நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "பேரு சொல்லுங்கம்மா" என்றது. எந்த ஆபீசுக்குப் போனாலும் வீட்டுக்காரர் பேரைத்தான் முதலில் கேட்பார்கள். உனக்குத் தெரியும், நான் உன் அப்பா பேரை வாயால் சொல்வதில்லை. கல்யாணத்தன்று சாமியார் முன்னால் வாக்குக் கொடுக்கும்போது ஒரு தடவை சொன்னதோடு சரி. மற்ற இடங்களில் பக்கத்தில் நிற்கிறவள் சொல்லிவிடுவாள், அவளுக்கு நான் சொல்வேன், அது எங்களுக்குள் ஏற்பாடு. செசிலியைத் திரும்பிப் பார்த்தேன். "நீங்களே சொல்லுங்கக்கா. உங்க நாய்தானே" என்றாள். அன்று எதையும் மறைப்பதில்லை என்ற முடிவோடு போனவள் நான். ஆரோக்கியசாமி என்று சொல்லிவிட்டேன். தெரு முழுக்கக் கேட்டது. அந்தப் பெண் எழுதிக்கொண்டது. வயது என்றது. ஐம்பத்தாறு என்றேன். "நாய்க்குக் கேட்டேம்மா" என்றது. பத்து என்றேன். நாய்க்குச் சொந்தக்காரர் யார் என்றது. நான்தான் என்று சொல்லி என் பேரையும் கொடுத்தேன். போன் நம்பர் கேட்டது. என் நம்பர் எனக்குத் தெரியாது, உன் நம்பர்தான் மனப்பாடம், அதைக் கொடுத்தேன். கருப்பி ஊசிக்கு ஒரு சத்தமும் போடவில்லை. கருத்தடைக்கு அடுத்த வாரம் டாக்டரம்மா வரச்சொல்லியிருக்கிறார், வயசாகிவிட்டதால் இரத்தம் பரிசோதித்துவிட்டுத்தான் முடிவு சொல்வாராம்.

எனவே உன் போனுக்கு, ஆரோக்கியசாமிக்கு வெறிநாய்த் தடுப்பூசி போடப்பட்டது, அடுத்த வருஷம் இதே மாதம் மறுபடி கூட்டிவரவும் என்று ஒரு செய்தி வந்திருக்கும். பயப்படாதே, அப்பா நன்றாக இருக்கிறார். முகாமில் கொடுத்த அட்டையை என்னிடம் வாங்கி இரண்டு பக்கமும் நிதானமாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பெண்ணுன்னு போட்டிருக்காங்களே" என்றார். நான் மறுபடி போய்க் கேட்டேன். பெண் என்பது சரிதான், அதை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா